பேராக் மண்ணும் ஒரு பேத்தியின் படப்பெட்டியும்

வரலாறு என்றால் அது ஏட்டில் அச்சாகியிருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அரசர் ஆட்சி, போர், உடன்படிக்கை, விடுதலை ஆகியவை ஏட்டில் உண்டு, பள்ளியிலும் படிக்கிறோம். ஏட்டில் ஏறாத வரலாறும் ஒன்று உண்டு. அது தகரப் பெட்டியின் அடியில், மடித்து வைத்த புடவைக்குக் கீழே, ஒரு பழைய நிழற்படமாகக் கிடக்கும். "இது யார், பாட்டி?" என்று பேரப்பிள்ளை கேட்டால், பாட்டி வேறு பேச்சை எடுத்துவிடுவார்.

அப்படி மூடி வைக்கப்பட்ட ஒரு குடும்ப வரலாற்றைத் தேடிப் புறப்பட்ட நிழற்படக் கலைஞர் ஒருவரைப் பற்றி இன்று காண்போம். அவர் பெயர் சிம் சீ யின். 1978-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த சீனப் பெண்மணி. படம் எடுப்பதோடு நில்லாமல், திரைப்படம், ஒலி, நூல், மேடை எனப் பல துறைகளிலும் கைவைத்தவர். சீனக் குடும்பத்துக் கதையைத் தமிழ் நேயர்களாகிய நாம் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர் தேடிய கதை நம் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரிலும் பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் நடந்த கதை. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் நம்மவர்கள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தவற்றைக் கண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். ஆகவே இது நமக்கும் உரிய கதை.

கலைஞரின் வாழ்க்கையை நோக்குவதற்கு முன், அவர் கதை வேர்விட்ட காலத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம்.

கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது. உலகிலேயே பேர் பெற்ற ஈய வயல்களில் அது ஒன்று. சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் ஈய லம்பங்கள். அவற்றைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பால்மரங்கள். லம்பங்களில் பெரும்பாலும் சீனர் உழைத்தனர். தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர் உழைத்தனர். ஈப்போ இவ்விரண்டுக்கும் நடுவே எழுந்த நகரம். அங்கே வங்கிகளும் கடைகளும் பள்ளிகளும் இருந்தன. சீன மொழிச் செய்தித்தாள்களும் வெளிவந்தன.

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். அவர்களை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து போரிட்டவர்களில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் முதன்மையானவர். பிரிட்டிஷார் அவர்களுக்கு ஆயுதம் அளித்தனர். போர் முடிந்தபின், 1946-இல் இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் அவர்களின் பிரதிநிதிகளும் நடந்தனர். ஆனால் இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. அரிசிப் பஞ்சம், குறைந்த கூலி, வேலைநிறுத்தம், அடக்குமுறை எனப் பகை முற்றியது.

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. முடிந்தது 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாளில். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போரை ஆட்சியாளர் போர் என்று அழைக்கவில்லை. 'அவசரகாலம்' என்றே அழைத்தனர்.

அந்த ஆண்டுகளின் கொடுமை ஒரு தரப்பினரால் மட்டும் நேர்ந்ததன்று. காட்டிலிருந்து வந்தவர் அரிசியும் பணமும் கேட்டனர். காட்டிக் கொடுத்தார் என்று ஐயுற்றவரைக் கொன்றனர். பட்டாளமும் போலீசும் காட்டுக்காரருக்கு உதவினார் என்று ஐயுற்றவரைப் பிடித்துச் சென்றன. இடையில் அகப்பட்டுப் பொதுமக்களில் ஏறத்தாழ 2,500 பேர் உயிரிழந்தனர். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. பால் வெட்டப் போகிறவர்களை வாசலிலேயே சோதித்தார்கள். சோற்றுப் பொட்டலத்தையும் வெளியே கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு.

இந்தக் காலத்தில் படப்பெட்டிக்கும் ஒரு வேலை இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1948-இல்தான் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கு அதுவே வாழ்வில் எடுத்த முதல் படம். திருமணக் கோலத்திலோ திருவிழாவிலோ எடுத்த படமன்று. அரசு தன்னை அடையாளம் காண எடுத்துக்கொண்ட படம். வானிலிருந்து வீசப்பட்ட துண்டறிக்கைகளிலும் சரணடைந்தோரின் படங்கள் இருந்தன; தலைக்கு விலை வைக்கப்பட்டோரின் படங்களும் இருந்தன. பட்டாளத்தோடு சென்ற படப்பிடிப்பாளர்கள் காட்டையும் முகாமையும் கைதிகளையும் எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படங்களில் பெரும்பங்கு இன்று இலண்டனில் உள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் பின்புறத்தில் தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்பும், தணிக்கை முத்திரையும், எண்ணும் காணப்படும்.

வீடுகளில் இருந்த படங்களின் கதி வேறு. ஆபத்தான ஒருவரின் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து. அவற்றை எரித்தவர்களும் உண்டு, ஒளித்தவர்களும் உண்டு. ஆக, ஆள்வோரின் படங்கள் எண்ணிட்டுக் காக்கப்பட்டன. ஆளப்பட்டோரின் படங்கள் மறைந்தன. இந்த ஏற்றத்தாழ்வே சிம் சீ யின் அம்மையாரின் கலைக்கு அடிப்படை.

இனி அவர் குடும்பக் கதைக்கு வருவோம். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஷென் ஹுவான் ஷெங். இடதுசாரிக் கொள்கையுடையவர். ஈப்போவில் வெளிவந்த 'ஈப்போ நாளிதழ்' என்னும் சீனப் பத்திரிகையின் தலைமையாசிரியர். அவசரகாலம் வந்ததும் கைதானார். அவசரகாலச் சட்டம், வழக்கு மன்றத்தில் நிறுத்தாமலேயே ஒருவரை அடைக்கவும் நாடு கடத்தவும் இடம் கொடுத்தது. அவ்வாறு சீனாவுக்கு அனுப்பப்பட்டோர் பல்லாயிரவர். மலாயாவிலேயே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நம்மவரும் உண்டு.

ஷென் 1949-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். மனைவியும் பிள்ளைகளும் மலாயாவிலேயே தங்கினார்கள். தென் சீனத்துக் குவாங்டுங் மாநிலத்தில், மெய்சியான் வட்டாரத்தில் இருந்த தம் மூதாதையர் ஊரை அடைந்த அவர், அங்கே கம்யூனிஸ்டுக் கொரில்லாப் படையோடு சேர்ந்தார். தோற்றுப் பின்வாங்கிக் கொண்டிருந்த கோமிந்தாங் படையினர் அவரைப் பிடித்துக் கொன்றனர். சீன மக்கள் குடியரசு 1949 அக்டோபர் 1-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களே இருந்தபோது அவர் உயிர் போயிற்று.

அதே 1949-ஆம் ஆண்டை நாமும் மறப்பதற்கில்லை. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள், மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுடப்பட்டு மாண்டார். கணபதியைத் தூக்கிலிட வேண்டாமென இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லாமற் போயிற்று. ஈப்போவின் சீனப் பத்திரிகையாசிரியரும் தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்களும் வெவ்வேறு மொழி பேசியவர்கள். வெவ்வேறு இடத்தில் மாண்டவர்கள். ஆனால் ஒரே ஆண்டின் ஒரே புயலில் வீழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி அவரவர் வீடுகளில் உரக்கப் பேசுவதற்கும் நெடுங்காலம் அச்சம் இருந்தது.

ஷென் குடும்பத்தில் அந்த மௌனம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அரசியலால்தான் குடும்பம் சிதைந்தது என்ற வேதனையோடு, பிள்ளைகளுக்குத் தீங்கு வந்துவிடுமோ என்ற பயமும் கலந்திருந்தது. பேத்தி வளர்ந்தபோது பாட்டனார் பற்றி வீட்டில் பேச்சில்லை. இங்கே பேசவே கூடாத பெயர் அவருடையது. அங்கே சீனக் கிராமத்திலோ அவர் தியாகி; அவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது.

சிம் சீ யின் நேரே கலைக்கு வந்தவரல்லர். இலண்டன் பொருளியல் கல்லூரியில் வரலாறும் அனைத்துலக உறவுகளும் பயின்றார். பின்னர்ச் சிங்கப்பூரின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளேட்டில் செய்தியாளராகச் சேர்ந்து, பெய்ஜிங் நகரிலிருந்து செய்தி அனுப்பினார். 2010-ஐ ஒட்டிய காலத்தில் அந்த வேலையை விட்டுப் படப்பெட்டியையே தொழிலாகக் கொண்டார். வரலாற்று மாணவரின் பொறுமையும் செய்தியாளரின் துருவும் குணமும் அவர் படங்களில் சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

அவருடைய தொடக்கப் பணிகள், கண்ணில் படாத உழைப்பாளிகளைப் பற்றியவை. பெய்ஜிங்கின் மாடிக் கட்டடங்களுக்கு அடியில், நிலவறைகளிலும் பழைய குண்டுத் தடுப்பு அறைகளிலும் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த பணிப்பெண்களையும் சமையற்காரர்களையும் அவர் படமெடுத்தார். கதவைத் தட்டி, பேசிப் பழகி, அவரவர் தம் அறையில் விரும்பியபடி அமர்ந்திருக்க எடுத்த படங்கள் அவை. அடுத்து, தங்கச் சுரங்கத்தில் கல் உடைத்து, அந்தத் தூசியால் நுரையீரல் இறுகிப்போன ஒரு தொழிலாளியின் வாழ்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம்பிடித்து, 2015-இல் ஒரு குறும்படமாக வெளியிட்டார். மூச்சுக்கு ஏங்கும் கணவரையும், அவரைத் தாங்கும் மனைவியையும் அதில் காண்கிறோம்.

2017-இல், அணு ஆயுத ஒழிப்புக்கான அனைத்துலக இயக்கத்திற்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது, ஆஸ்லோ நகரின் நோபல் அமைதி மையம் அவ்வாண்டுக் கண்காட்சிக்கான படங்களை எடுக்கும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தது. சீன - வடகொரிய எல்லை நெடுகவும், அமெரிக்காவின் பழைய அணு ஆயுதத் தளங்களிலும் பயணம் செய்தார். பகை நாடுகள் இரண்டின் நிலக்காட்சிகளை அருகருகே வைத்தபோது, எது எந்த நாடு என்று சொல்ல முடியாதபடி அவை ஒத்திருந்தன. 'பெரும்பாலோர் பேசாதிருந்தனர்' என்பது அந்தத் தொகுதிக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள். 1945-இல் முதல் அணுகுண்டுச் சோதனையைக் கண்டவர்களின் நிலையைக் குறிக்கும் சொற்கள் அவை. 2018-இல், உலகப் புகழ் பெற்ற மேக்னம் நிழற்பட அமைப்பில் சேரும் முதற்படியை எட்டினார்.

இந்தப் புகழெல்லாம் ஒருபுறம் வளர, மற்றொருபுறம் பாட்டனார் கதையை அவர் தேடிக்கொண்டிருந்தார். 2011-ஆம் ஆண்டளவில் மெய்சியான் கிராமத்திற்குச் சென்று உறவினரைக் கண்டார். ஒரு குடும்பத்தின் துயரமாகத் தொடங்கிய தேடல் விரைவில் விரிந்தது. நாடு கடத்தப்பட்டோர், காட்டில் போரிட்டோர், சிறையிருந்தோர் எனப் பல முதியோரைச் சீனாவிலும் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் மலேசியாவிலும் தேடிக் கண்டு பேசினார். 1989-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தான பிறகு, முன்னாள் கொரில்லாக்கள் பலர் தென் தாய்லாந்தின் கிராமங்களில் குடியேறியிருந்தனர். எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்டவர்களை நேரில் கேட்க வேண்டுமானால் காலம் தாழ்த்த இயலாதன்றோ?

இந்தப் பெரும்பணிக்கு அவர் இட்ட பெயர், 'ஒரு நாள் நமக்குப் புரியும்' என்று பொருள்படுவது. அதன் பகுதிகள் சிலவற்றை நோக்குவோம்.

ஒரு பகுதி நிலக்காட்சிகள். போர் நடந்த காடு, ஆறு, குன்று, பழைய ரப்பர்த் தோட்டம் ஆகியவற்றை ஆளரவமில்லாமல் எடுத்திருக்கிறார். பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். 'இங்கே ஒன்றும் இல்லையே' என்று தோன்றும். அந்த எண்ணமே அவர் சுட்ட விரும்புவது. பேராக்கில் எத்தனையோ பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்களை இடித்தாயிற்று, பெரட்டுக் களத்தில் புல் முளைத்தாயிற்று. நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின், இங்கே ஒரு கோயில், அங்கே ஒரு கிணறு என அடையாளங்கள் எஞ்சின. நடந்ததை நிலம் தானாகச் சொல்லாது. சொல்ல ஆள் வேண்டும். முதியோர் காத்து வைத்திருந்த பொருள்களின் படங்களையும் அவர் இந்த நிலக்காட்சிகளோடு சேர்த்து வைத்தார்.

மற்றொரு பகுதி பாட்டு. முதியோரைப் படப்பெட்டிக்கு முன் அமரச் செய்து, இளமையில் பாடிய 'அனைத்துலகக் கீத'த்தையும், நாடு கடத்தப்பட்டோர் பாடிய மலாயா விடைபெறல் பாட்டையும் நினைவிலிருந்து பாடச் சொன்னார். சிலர் முழங்கிப் பாடினர். சிலர் நடு அடியில் தடுமாறினர்; சொல் மறந்து நின்றனர். அந்தத் தடுமாற்றத்தை அவர் வெட்டி எறியவில்லை. மனித நினைவு எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. வாய்மொழி வரலாற்றைப் போற்றுகின்ற நாம், நினைவும் பிழைபடும் என்பதை உணர்ந்து, அதை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்க வேண்டும்.

மூன்றாவது பகுதி ஆவணத்தைப் பற்றியது. இலண்டன் அருங்காட்சியகத்தின் அவசரகாலப் படங்களை எடுத்து, அவற்றின் பின்னாலிருந்து ஒளியைச் செலுத்தி மீண்டும் படம்பிடித்தார். முன்புறத்துக் காட்சியோடு, பின்புறத்து எழுத்தும் முத்திரையும் ஒன்றாக ஊடுருவித் தெரிகின்றன. கைதியின் முகத்தின் மேல் அவனைப் பற்றி எழுதியவரின் சொற்கள் படிகின்றன. எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார், என்ன பெயர் சூட்டினார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு படத்தை முழுதாகப் படித்தவர் ஆவோம். இதை நீண்ட விரிவுரையாக்காமல், ஓர் ஒளிவிளக்கைக் கொண்டே அவர் விளக்கிவிட்டார்.

ஆவணம் என்றாலே முழு உண்மை என்று நம்புவதற்கும் இடமில்லை. 1957-இல் மலாயா விடுதலை பெறும் வேளையில், ஆட்சியாளர் தம் கோப்புகளில் ஒரு பகுதியை லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற்குக் கொண்டுபோய் எரித்தனர். வேறு சிலவற்றை இலண்டனுக்கு அனுப்பி மறைத்து வைத்தனர். கென்யா நாட்டு முதியோர் தொடுத்த வழக்கினால் 2011-இல் இந்த மறைவு வெளிப்பட்டது. 2012 முதலே அக்கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வரலாயின. வீட்டில் பாட்டி மௌனம் காத்தார். நாட்டை ஆண்டவரும் மௌனம் காத்தனர். ஆனால் ஒன்று அச்சத்தால் வந்த மௌனம். மற்றது அதிகாரத்தால் வந்த மௌனம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

பாட்டியாரையும் பேத்தி மறக்கவில்லை. கணவரைப் பறிகொடுத்துப் பிள்ளைகளை வளர்த்த அப்பெண்மணியின் வாழ்வைக் குடும்பப் படங்களோடு சேர்த்து 2021-இல் ஒரு நூலாக்கினார். 'அவள் மீண்டும் அந்தத் திரிஷாவில் ஏறவேயில்லை' என்பது அந்நூற் பெயரின் பொருள். தியாகிக்குத் தூண் எழுப்புவார் உண்டு. அவன் மனைவி பட்ட பாட்டுக்குத் தூண் எழுப்புவார் இல்லை. இந்தக் குறையை அந்தச் சிறு நூல் ஓரளவு தீர்க்கிறது. இதே கதையைப் பழைய கண்ணாடிச் சில்லுப் படங்களைக் கொண்டும், மேடையில் தாமே நின்று பேசியும் அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வு மாணவராகவும் இதைத் தொடர்ந்தார். ஏன் இத்தனை வடிவங்கள்? செய்தித்தாளின் ஒரு பத்தியில் அடங்காத கதை என்பதாலேயே.

ஒரு கேள்வி எழலாம். பேத்தி சொல்லும் கதையில் பாசம் கலவாதா? கலக்கும். அவரும் அதை மறைக்கவில்லை. தம் குடும்பக் கதை என்று சொல்லியே தொடங்குகிறார். அவசரகாலத்தில் மாண்ட போலீசாரின், சிப்பாய்களின், துரைமாரின் குடும்பங்களுக்கும் சொல்லக் கதை உண்டு. பத்து காஜாவின் பழைய கிறித்தவக் கல்லறையில் அவர்களின் பெயர்கள் கல்லில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் தோட்டத்தில் இரு தரப்பாருக்கும் நடுவில் அகப்பட்டு மாண்ட பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? அவனுக்குத் தூணும் இல்லை, கல்லறைக் கல்லும் இல்லை. அவன் பேரப்பிள்ளைகள்தாம் இருக்கிறார்கள்.

ஆகவே சிம் சீ யின் அம்மையாரின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம் கலைக்கூடத்தோடு முடிவதில்லை. உயர்ந்த படப்பெட்டி வேண்டும் என்பதில்லை. அயல்நாட்டுப் பட்டமும் வேண்டா. நம் வீட்டுப் பழைய படங்களை எடுத்து, மூத்தோர் அருகில் அமர்ந்து, இவர் யார், இது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதி வைப்போம். மாமன் பெயர், கங்காணி பெயர், லயத்தின் பெயர் எல்லாம் எழுதுவோம். பழைய அடையாளக் கார்டுகளையும் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளையும் குப்பையில் போடாமல் காப்போம். மூத்தோர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாமல் காத்திருப்போம், மறுமுறை கேட்போம்.

அரசு எடுத்த படத்தின் பின்புறத்தில் அரசு எழுதியது. நம் வீட்டுப் படங்களின் பின்புறம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் எழுத வேண்டியதை அறிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். இன்று மாலையே கேட்கத் தொடங்குவோம்.